வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு

கர்நாடக இசையுலகில் மும்மூர்த்திகள் என்றால் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்று சங்கீதம் படித்த எமது பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். வயலினுக்கும் மும்மூர்த்திகள் இருந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. மைசூர் சௌடையா, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, துவாரம் வெங்கடசாமி நாயுடு ஆகிய மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, ஒரே காலத்தில் மேடையில் அமர்ந்து, கடந்த நூற்றாண்டின் முற்பாதி முழுவதையும் தம் வில்லினால் ஆண்டவர்கள். இம் மூவரில் துவாரத்தைப் பற்றி நூற்றாண்டு மலரில் எழுத விரும்பியமைக்குக் காரணம் உண்டு. அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு கல்லூரியில் ஆசிரியராகக் கழித்தவர். பெருநகரில் குடியேறிப் புகழ் தேடியவர் அல்லர். கண்பார்வை குறைந்தவர். பாடசாலைப் படிப்பை முடிக்காதவர்.

அவர் பிறந்தது 1893 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி, பெங்களூரில். அன்று தீபாவளி. தந்தையார் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பம் பின்னர் ஆந்திரக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில் நிலைகொண்டது. தாய்மொழி தெலுங்கு. தியாகராஜரின் கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கிலேயே அமைந்தவை என்பதால், நாமெல்லாம் பொருள் கேட்டுக் கேட்டுப் படித்த சாகித்தியங்கள் அவருக்கு வீட்டுப் பேச்சின் நீட்சியாகவே இருந்திருக்கும்.

சிறு வயதிலேயே பார்வை மங்கலாக இருந்தது. கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துப் படிக்க வேண்டிய பாடசாலையில் அப்படியான பிள்ளைக்கு அக்காலத்தில் இடம் இல்லை. முன்வாங்கில் இருத்துவதும், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதும், பக்கத்துப் பிள்ளையைக் கொண்டு வாசித்துக் காட்டுவதும் இன்று எந்த ஆசிரியையும் யோசிக்காமல் செய்யும் காரியங்கள். அன்று அப்படியல்ல. வெங்கடசாமியின் படிப்பு பாதியில் நின்றது.

வீட்டில் ஒரு வயலின் இருந்தது. மூத்த சகோதரர் வெங்கடகிருஷ்ணய்யா வாசிக்கத் தெரிந்தவர். அவரே தம்பிக்கு முதற் குரு. பேர்பெற்ற வித்துவான் ஒருவரின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கிப் பணிவிடை செய்து கற்கும் குருகுலவாசம் அன்றைய வழக்கம். துவாரத்தின் வரலாற்றில் அது இல்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்தார், மீதியைக் காது சொல்லிக்கொடுத்தது. இந்த ஒன்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீணையில் மெட்டுக்கள் உண்டு. விரலை எங்கே வைப்பது என்பதற்குக் கண்ணும் துணை செய்யும். வயலினின் கழுத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. ஒரு மயிரிழை பிசகினாலும் சுருதி விலகிவிடும். ஆகவே அந்த வாத்தியத்தை வாசிப்பவர் எவரும், நல்ல கண்ணுடையவரும்கூட, காதை நம்பித்தான் விரலை வைக்க வேண்டும். அந்த வகையில் அண்ணன் கையில் கொடுத்த வாத்தியம் அந்தப் பிள்ளைக்கு மிகவும் பொருத்தமானதாக அமைந்துவிட்டது.

இங்கே வயலினைப் பற்றிச் சில வார்த்தைகள். அது எமது மண்ணின் வாத்தியம் அன்று. ஐரோப்பியர் கொண்டுவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதைப் பயின்று கர்நாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் அடைந்த தேர்ச்சியைப் பாராட்டி, திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் தந்தத்தினாலான வயலினைப் பரிசளித்தார். மேல்நாட்டார் நின்றோ நாற்காலியில் இருந்தோ, வாத்தியத்தை நாடிக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வாசிப்பார்கள். எம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றிக்கொண்டார்கள். இது வெறும் உட்காரும் வசதிக்காக அல்ல. வாத்தியம் இரு முனையிலும் தாங்கப்பட்டுவிட்டால், இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கும் வேலையிலிருந்து விடுபட்டுத் தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓட முடிகிறது. அந்த வழுக்கல் இல்லாமல் கமகம் இல்லை. கமகம் இல்லாமல் தோடியும் இல்லை, சஹானாவும் இல்லை. தந்திகளைச் சேர்க்கும் முறையையும் மாற்றி, சட்ஜமும் பஞ்சமமுமாக அமைத்துக்கொண்டார்கள். துவாரம் பிறந்த காலத்தில் வயலின் கச்சேரி மேடையில் நிலையான இடம் பெற்றுவிட்டது. ஆனால் அந்த இடம் பக்கவாத்தியத்தின் இடம். பாடகர் பாட, நிழல்போலத் தொடர்ந்து செல்வதே அதன் கடமை என்று கருதப்பட்டது.

1919 ஆம் ஆண்டில் விஜயநகரத்தில் மகாராஜா இசைக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. (ஹம்பியிலுள்ள விஜயநகரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, கஜபதி மன்னர்களின் ஊர்.) கல்லூரி தோன்றியதற்கு அந்த ஊரார் சொல்லும் காரணம் மனதைத் தொடுவது. அரச சேவையிலிருந்த ஒருவருக்குப் பார்வையற்ற மகன் ஒருவன் இருந்தான். அவனுக்குச் சங்கீதத்தில் நாட்டம். அவனைப் போன்றவர்கள் முறையாகக் கற்க ஒரு வழி வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே கல்லூரி பிறந்தது என்பார்கள். முதல் அதிபராக நியமிக்கப்பட்டவர் ஹரிகதைப் பிதாமகர் என்று ஆந்திரர் போற்றும் ஆதிபட்ல நாராயணதாசர். பல மொழிகள் அறிந்தவர். ஆடி, பாடி, கதை சொல்லிச் சபையை இரவு முழுதும் கட்டி வைத்திருந்தவர்.

அந்தக் கல்லூரியில் மாணவனாகச் சேர்வதற்கு விண்ணப்பித்துக்கொண்டு சென்றவர்களில் துவாரமும் ஒருவர். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அண்ணனிடம் கற்றதை ஒரு கல்லூரியில் ஒழுங்காகப் படித்துச் சான்றிதழ் பெறவேண்டும் என்று எண்ணியிருக்கக்கூடும். நாராயணதாசர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டபின் அவரை மாணவனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. வயலின் ஆசிரியராக நியமிக்கப் பரிந்துரைத்தார். படிக்கப் போனவர் படிப்பிக்கும் கதிரையில் அமர்ந்தார்.

துவாரத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்தச் சம்பவத்தைச் சொல்லி அவருடைய திறமையை வியப்பார்கள். எனக்கு நாராயணதாசரை நினைத்தே வியப்பு. புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரி, மன்னரின் பணம், ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பாடசாலைச் சான்றிதழோ, புகழ்பெற்ற குருவின் பெயரோ, தெளிவான பார்வையோ இல்லாத ஓர் இளைஞனை ஆசிரியராக ஏற்கும் துணிவு எத்தனை அதிபர்களுக்கு வரும்? அவர் கேட்டது வாசிப்பை மாத்திரமே.

அதிலிருந்து துவாரத்தின் வாழ்வு விஜயநகரத்தோடு பிணைந்துவிட்டது. 1936 இல் அவரே கல்லூரியின் அதிபரானார். சென்னையில் இருந்தால்தான் வித்துவான் என்று ஆகிவிட்ட காலம் அது. சபாக்கள், வானொலி நிலையம், இசைத்தட்டுக் கம்பனிகள், பத்திரிகை விமர்சகர்கள் எல்லாமே அங்கேதான். தஞ்சை மாவட்டத்திலிருந்து எத்தனையோ கலைஞர்கள் மயிலாப்பூருக்குக் குடிபெயர்ந்தார்கள். துவாரமோ கல்லூரி வேலையை விட்டுவிடாமல், சென்னைக்கு நெடுந்தூர ரயில் பயணம் செய்து வாசித்துவிட்டுத் திரும்பினார். வாசிப்பதை ஒருபோதும் வகுப்புக்குப் பிந்திய காரியமாகவோ, படிப்பிப்பதைக் கச்சேரி கிடைக்காத நாளின் காரியமாகவோ அவர் ஆக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற முன்னணிப் பாடகர்களுக்கு அவர் பக்கம் வாசித்தார். அவருடைய வாசிப்பின் சிறப்பு நாதம். வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து, தந்தியில் உராயும் ஓசை எழாமல், தொண்டையிலிருந்து வரும் குரல்போல ஒலியைக் கொண்டுவருவார். மேல்நாட்டு வயலின் இசையையும் ஆர்வத்தோடு கேட்டவர் அவர். அதன் சாயல் வில்லைக் கையாளும் விதத்தில் இருந்தது என்று இரசிகர்கள் சொல்வதுண்டு. ஆனால் இடது கை சுத்தமான கர்நாடகம். இரண்டையும் ஒட்டுப் போட்டதுபோல் தெரியாமல் இணைத்ததே அவர் சாதனை.

இதனை விளங்கிக்கொள்ள அவருடைய சமகாலத்தவர் சௌடையாவை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி பரவலாகாத நாட்களில் பெரிய மண்டபங்களில் வயலினின் ஒலி பின்வரிசைக்குக் கேட்பதில்லை. பாடகர்களின் குரலோ உச்சத்தில் முழங்கும். அந்தக் குறையைத் தீர்க்க சௌடையா 1927 அளவில் ஒரு காரியம் செய்தார். நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். இரட்டைத் தந்திகள் ஒன்றாக ஒலிக்கும்போது நாதம் பெருகி மண்டபத்தை நிரப்பியது. அது அவருக்கு அழியாப் பெயரைத் தந்தது. துவாரம் அந்த வழியில் போகவில்லை. நான்கு தந்தியே அவருக்குப் போதுமாயிருந்தது. ஒலியின் அளவைவிட அதன் தூய்மையே தொலைவுக்குச் செல்லும் என்ற நம்பிக்கை அவர் வாசிப்பில் தெரிந்தது. இருவரில் யார் சரி என்று கேட்டால், இருவரும் சரி என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பின்னர் ஒலிபெருக்கி எல்லா மேடைக்கும் வந்தது. இன்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் நான்கு தந்தியோடுதான் இருக்கிறார்கள்.

1938 இல் வேலூரில் அவர் தனிக் கச்சேரி செய்தார். பாடகர் இல்லை. நடுநாயகமாக வயலின், துணைக்கு மிருதங்கம். இன்றைக்கு இது ஒரு செய்தியே அல்ல. அன்றைக்கு, பக்கத்தில் அமர்ந்தவர் நடுவில் வந்து அமர்ந்த நிகழ்ச்சி. இதிலுள்ள சிரமத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடகருக்குச் சாகித்தியம் துணை. சொல்லின் பொருளே பாதி இரசிகர்களைப் பிடித்து வைத்திருக்கும். தனி வயலினுக்குச் சொல் கிடையாது. எந்த எழுத்து எங்கே விழுகிறது, எங்கே நீள்கிறது, எங்கே மூச்சு விடப்படுகிறது என்பதையெல்லாம் வில்லை மாற்றி மாற்றித்தான் உணர்த்த வேண்டும். கீர்த்தனை தெரிந்தவருக்குச் சொற்கள் மனதில் எழும்படியும், தெரியாதவருக்கு இராகம் மாத்திரமே நிறைவு தரும்படியும் இரண்டு மூன்று மணிநேரம் வாசிப்பது எளிதன்று. துவாரத்தால் அது முடிந்தது. இசைத்தட்டுகளும் வானொலியும் அந்த வாசிப்பை அவர் கால்படாத ஊர்களுக்கும் கொண்டு சென்றன.

1941 இல் சென்னை சங்கீத வித்துவத் சபை, மியூசிக் அகாடமி என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சபை, அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. வயலின் மும்மூர்த்திகளில் முதலில் அதைப் பெற்றவர் அவரே. ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948 இலும், சௌடையாவுக்கு 1957 இலும் அது கிடைத்தது. அந்த விருதுக்கு அடுத்த ஏப்ரலில்தான், 1942 ஆம் ஆண்டு 5 ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது; மறுநாள் 6 ஆம் திகதி விசாகப்பட்டினத்தில் விழுந்தது. அந்தப் பயம் எங்கள் பாட்டிமாருக்கும் ஆந்திரக் கரையோரத்துப் பாட்டிமாருக்கும் பொதுவானது. கல்லூரி யுத்த காலத்தையும் கடந்து நடந்தது.

யுத்தத்துக்குப் பின் 1952 இல் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். பிரதமர் நேருவின் அழைப்பில் வந்து, பஞ்ச நிவாரண நிதிக்காகப் பல நகரங்களில் வாசித்தார். சிறுவனாக இருந்தபோதே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியக்க வைத்தவர் அவர். சென்னையில் பிரதம நீதியரசர் பி.வி. ராஜமன்னாரின் இல்லத்தில் அவருக்காகத் துவாரம் வாசித்தார். மெனுஹினுக்கு இராகமும் தாளமும் புதியவை. ஆனால் வாத்தியம் தம்முடையது. அதில் எது இயலும், எது இயலாது என்பதைப் பிறந்ததிலிருந்தே அறிந்ததுபோல் அறிந்தவர். தரையில் அமர்ந்து, கண்பார்வை மங்கிய ஒரு கல்லூரி ஆசிரியர் அதே பெட்டியிலிருந்து எழுப்பிய நாதம் அவரை மிகவும் கவர்ந்தது. கடல் கடந்து போகாமலேயே துவாரத்தின் பெயர் மேல்நாட்டு இசையுலகில் அறியப்பட்டது இப்படித்தான். இந்திய இசையின்மேல் மெனுஹின் கொண்ட பற்று வாழ்நாள் முழுவதும் நீடித்தது. ரவிசங்கரோடு அவர் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு உலகெங்கும் விற்பனையானது. 1965 இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பைக் கேட்டு, இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்கு அன்பளிப்புச் செய்தார். எமது வயலினுக்கு மேல்நாட்டில் திறந்த கதவை உள்ளிருந்து முதலில் தட்டியவர்களுள் துவாரமும் ஒருவர் என்று சொன்னால் மிகையாகாது.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953 இல் சங்கீத நாடக அகாடமி விருது. 1957 இல் பத்மஸ்ரீ. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் கலாப்ரபூர்ண கௌரவப் பட்டம். பாடசாலையை முடிக்காதவரைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பட்டம் கொடுத்தது.

அவர் அதிபராக இருந்த காலத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் இரண்டு குரல்களை நீங்கள் கட்டாயம் அறிவீர்கள். ஒருவர் கண்டசாலா. தந்தையை இழந்த ஏழைச் சிறுவன். கையிலிருந்த மோதிரத்தை விற்று விஜயநகரம் வந்து, வீடு வீடாகச் சோறு வாங்கி உண்டு படித்தவர் என்பது ஊரறிந்த கதை. பின்னாளில் தேவதாஸ் படத்தில் அவர் பாடிய பாட்டுகள் தமிழிலும் தெலுங்கிலும் ஒலித்தன. மாயாபஜாரின் இசையும் அவருடையதே.

மற்றவர் பி. சுசீலா. விஜயநகரத்திலேயே பிறந்தவர். துவாரத்தின் தலைமையில் நடந்த கல்லூரியில் சேர்ந்து, இளம் வயதிலேயே முதல் வகுப்பில் டிப்ளோமா பெற்றவர். எந்தத் தோட்டத்து லயத்தில், எந்தக் கடையில், எந்த பஸ்ஸில் அந்தக் குரல் ஒலிக்கவில்லை? இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டுக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்ட எங்கள் தலைமுறைக்கு அவர் வீட்டு மனுஷி மாதிரி. யட்டவத்தயிலும் மாத்தளையிலும் கர்நாடகக் கச்சேரி கேட்டறியாத எத்தனையோ பேர், துவாரத்தின் கல்லூரி வளர்த்த சுருதி சுத்தத்தை அறியாமலேயே நாள்தோறும் கேட்டிருக்கிறார்கள். சுசீலாவின் பாட்டில் ஒரு சுரமும் தன் இடத்தை விட்டு நகராது என்று சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

கர்நாடக சங்கீதத்திலும் அந்த மரபு தொடர்ந்தது. துவாரத்தின் குடும்பத்தவரான துவாரம் நரசிங்க ராவிடம் வாய்ப்பாட்டும் வயலினும் பயின்ற நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி 1991 இல் சங்கீத கலாநிதியானார். மகன் பாவநாராயண ராவ் வயலின் வித்துவான். மகள் மங்கத்தாயாருக்கும் துவாரமே வயலினைக் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, அதுவும் கல்யாணம் வரைக்கும், என்ற அளவோடு பல வீடுகள் நின்றுவிட்ட காலம் அது. மங்கத்தாயார் மேடைக் கலைஞராகி, தந்தையின் பாணியைச் சென்னையில் தொடர்ந்து வாசித்து வந்தார். இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குத் தோற்றி, திருமணத்தோடு சுருதிப் பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் விளங்கும்.

எமது நாட்டுக்கும் வயலினுக்கும் உள்ள தொடர்பை ஓரிடத்தில் சொல்லாமல் விட முடியாது. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றினார். பிள்ளைகள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் இலங்கை மண்ணில் வளர்ந்தவர்கள். 1958 கலவரத்தையடுத்து அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. மெனுஹினோடு பின்னாளில் மேடையேறிய எல். சுப்பிரமணியம் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். 1952 இல் சென்னையில் ஒரு வீட்டில் துவாரத்தை மெனுஹின் கேட்டபோது யாழ்ப்பாணத்து வீடொன்றில் சிறு பிள்ளையாக இருந்தவர் அவர்.

துவாரம் வெங்கடசாமி நாயுடு 1964 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் திகதி, எழுபத்தோராவது வயதில் காலமானார். 1993 இல் அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது இந்திய அரசு அவர் உருவம் பதித்த தபால் தலையை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் அவர் பெயரில் ஒரு கலாக்ஷேத்திரம் இருக்கிறது. விஜயநகரத்துக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது; அவருடைய பழைய ஒலிப்பதிவுகளும் அழியாமல் இருக்கின்றன. தட்டு தேய்ந்த இரைச்சலுக்கு முதல் இரண்டு நிமிடம் காது பழக வேண்டும். அதற்குப் பிறகு வில் மாத்திரமே கேட்கும்.